மர்ஜானாவுக்கு அவளது கதையைத் திருப்பிக் கொடுப்போம்

(கல்முனையில் ஆசிரியர்களும் வாசகர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பழங்கதை ஒன்றைக் குடும்பத்தோடு இருந்து பார்க்கிற சாகசப் படமாக ஆக்குவது எப்படி என்பதுதான் இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். கதைகள் ஆயிரம் இருக்கின்றன. நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அலிபாபாவும் நாற்பது திருடர்களும். நம் எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால்தான் அதை எடுத்தேன். நன்றாகத் தெரிந்த கதையில்தான் எதை வைத்துக்கொண்டோம், எதைக் கைவிட்டோம் என்பது துலக்கமாகத் தெரியும்.

முதலில் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆயிரத்தொரு இரவுகள் அரபு மொழியின் பழைய சொத்து. ஆனால் அதன் பழைய அரபுச் சுவடிகளில் அலிபாபா இல்லை, அலாவுதீனும் இல்லை. அந்தோன் கலாந் என்ற பிரெஞ்சு அறிஞர் 1704 முதல் ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சில் வெளியிட்டு வந்தார். கையிலிருந்த சுவடி முடிந்துபோனது. வாசகர்களோ இன்னும் கதை கேட்டார்கள். அந்த வேளையில், 1709இல், சிரியாவின் அலெப்போ நகரத்து இளைஞர் ஒருவரை அவர் பாரிசில் சந்தித்தார். ஹன்னா தியாப் என்பது அவர் பெயர், மரோனைட் கிறிஸ்தவர். அந்த இளைஞர் வாயால் சொல்லச் சொல்லக் கலாந் குறிப்பெடுத்துக்கொண்டார். அலாவுதீன், அலிபாபா, இளவரசர் அஹ்மதும் பரீபானுவும் எல்லாம் அந்த வாயிலிருந்து வந்த கதைகள். கலாந் 1715இல் இறந்தார். கடைசித் தொகுதிகள் 1717இல் வெளிவந்தன. அவற்றில் எந்த இடத்திலும் ஹன்னா தியாபின் பெயர் இல்லை. அவர் தம் முதுமையில் அரபியில் எழுதிவைத்த பயண நூலின் சுவடி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அது அவருடையதுதான் என்று அறிஞர்கள் கண்டுகொண்டது 1990களில்.

கதை சொன்னவரின் பெயர் காணாமற் போனது போலவே, கதைக்குள்ளும் ஒருத்தியின் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. கலாந் தம் நாட்குறிப்பில் இந்தக் கதையைக் குறித்துவைத்தபோது அதற்கு இட்ட தலைப்பில் அலிபாபா இல்லை. மர்ஜானாவின் சாமர்த்தியம், ஓர் அடிமைப் பெண்ணின் திறமையால் நாற்பது திருடரும் அழிந்த கதை என்ற பொருளில்தான் அவர் தலைப்பிட்டார். புத்தகமானபோது தலைப்பு அலிபாபாவிடம் போனது. முந்நூறு ஆண்டுகளாக அது அங்கேயே நிற்கிறது. அந்தத் தலைப்பை மர்ஜானாவிடம் திருப்பிக் கொடுக்கிற படம் ஒன்று நம் கரையிலிருந்து வரவேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

கதையை நினைத்துப் பாருங்கள். அலிபாபா ஒரு விறகுவெட்டி. மரத்தில் ஏறி ஒளிந்திருந்து மந்திரச் சொல்லைக் கேட்கிறான், குகைக்குள் போகிறான், பொன்னோடு வருகிறான். அவன் செய்தது அவ்வளவுதான். பொன்னை அளக்க அண்ணன் வீட்டில் மரைக்கால் இரவல் வாங்குகிறார்கள். அண்ணன் பெண்சாதி மரைக்காலின் அடியில் மெழுகைத் தடவிக் கொடுக்கிறாள். ஒரு பொற்காசு ஒட்டிக்கொண்டு திரும்பிவருகிறது. அண்ணன் காசிம் குகைக்குப் போகிறான். பொன்னைக் கண்ட மயக்கத்தில், வெளியே வருவதற்கான சொல் மறந்துபோகிறது. உயிர் போகிறது. அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியவை எல்லாம் மர்ஜானாவின் காரியங்கள். காசிமின் மரணம் ஊரில் சந்தேகமாகாமல் மறைத்தவள் அவள். திருடன் கதவில் சுண்ணக்கட்டியால் குறியிட்டபோது, அதே குறியைத் தெருவிலுள்ள மற்றக் கதவுகளிலும் இட்டவள் அவள். எண்ணெய் வியாபாரியாக வந்த திருடர் தலைவனின் 38 சாடிகளில் ஒன்றில் மட்டுமே எண்ணெய் இருக்கிறது, மற்ற 37இலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவளும் அவளே.

கடைசியாக உப்பு. திருடர் தலைவன் வேறு வேடத்தில் விருந்துக்கு வருகிறான். உப்பில்லாத சாப்பாடுதான் வேண்டும் என்கிறான். எல்லாரும் அதை ஒரு பழக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். அடுப்படியில் நிற்கிற மர்ஜானா மட்டும் யோசிக்கிறாள்: இந்த வீட்டு உப்பைத் தின்ன மறுக்கிறவன் யார்? அந்த ஒரு கேள்வியால் அவள் அவனை அடையாளம் காண்கிறாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இந்தக் காட்சிக்கு நமக்கு விளக்கம் தேவையில்லை. கொள்ளைக்காரன்கூட உப்பைத் தின்றுவிட்டு அந்த வீட்டுக்குத் தீங்கு செய்யத் துணிவதில்லை. ஆகவே உப்பைத் தவிர்க்கிறான். கெட்டவனுக்குள்ளும் மிச்சமிருக்கிற அந்த ஒரு கட்டுப்பாடுதான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. கலியாண வீட்டில் சஹன் என்கிற ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, சாப்பிடத் தொடங்குமுன் ஆளுக்கொரு விரல் உப்பைத் தொட்டு நாவில் வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. கமராவை அந்தச் சஹனுக்கு மேலே வைத்துப் பாருங்கள். உப்புத் தட்டு ஒவ்வொரு கையாகப் போகிறது. ஐந்து விரல்கள் தொடுகின்றன. ஆறாவது கை தட்டைத் தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளுகிறது. கதவோரத்தில் நிற்கிற ஒரு பெண் அதைக் கண்டுகொள்கிறாள். ஒரு வசனமும் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். இதைவிடப் பெரிய சாகசக் காட்சியை எந்த ஸ்டூடியோவும் காசு கொடுத்து வாங்க முடியாது.

இனி, இந்தக் கதையைத் தமிழ்ப் படம் என்ன செய்தது என்று பார்ப்போம். 1941இலேயே என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் நடித்து ஓர் அலிபாபா வந்துவிட்டது. அதற்குப் பின் 1956 பொங்கலுக்கு வந்ததுதான் நம் எல்லாருக்கும் தெரிந்த அலிபாபாவும் 40 திருடர்களும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் எடுத்த படம். கேவாகலரில் உருவான, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். எம். ஜி. ஆர். அலிபாபா, பி. பானுமதி மர்ஜானா, பி. எஸ். வீரப்பா திருடர் தலைவன். எம். ஜி. ஆரின் உடன்பிறந்த அண்ணன் எம். ஜி. சக்ரபாணியே அதில் அண்ணன் காசிமாக நடித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹோமி வாடியா எடுத்த இந்திப் படத்தின் வழியில் இது வந்தது.

அந்தப் படத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கறுப்பு வெள்ளையையே பார்த்துப் பழகிய கண்களுக்கு குகையின் பொன்னையும் பட்டையும் வண்ணத்தில் காட்டியது. பாக்தாத் பக்கமே போகாமல், சேலத்தில் நின்றுகொண்டு ஓர் அரபுலகத்தைக் கட்டியெழுப்பியது. தமிழ் பேசுகிற வீடுகளுக்குள் அலிபாபாவை உறவுக்காரனாக்கியது. அந்தக் காலத்தில் தமிழ்த் திரை இந்தக் கதைகளில் ஊறிக்கிடந்தது. 1955இல் ராமண்ணாவின் குலேபகாவலி, தந்தையின் பார்வையை மீட்கிற மலரைத் தேடிப் போகிற பாரசீக வழிக் கதை. 1957இல் எஸ். வி. ரங்காராவ் பூதமாக வந்த அலாவுதீனும் அற்புத விளக்கும். 1960இல் பாக்தாத் திருடன்.

ஆனாலும் 1956இன் படம் ஒரு விலை கொடுத்தது. கதையில் அலிபாபா கலியாணமாகி, வளர்ந்த மகனும் உள்ள மனிதன். படத்தில் வாள் வீசுகிற இளைஞன், காதலன். மர்ஜானா அவனுடைய காதலி. பானுமதி தம் நடிப்பாலும் குரலாலும் அந்தப் பாத்திரத்தைத் தலைநிமிர வைத்தார். என்றாலும் கதையின் பாரம் நாயகனின் வாளுக்குப் போய்விட்டது. நட்சத்திரத்துக்காகப் படம் எடுத்த காலம் அது. அதற்கு அது தேவைப்பட்டது. நமக்கு அது தேவையில்லை.

அதே கதையை 1961இல் சிங்கப்பூரில் பி. ரம்லி மலாய் மொழியில் அலிபாபா புஜாங் லாப்போக் என்று நகைச்சுவையாக எடுத்தார். மலாய் மக்கள் இன்றும் அதைத் தங்கள் சொந்தப் படமாகக் கொண்டாடுகிறார்கள். அலெப்போக்காரர் சொன்ன கதை பாரிசில் எழுத்தானது, பம்பாயிலும் சேலத்திலும் படமானது, சிங்கப்பூரில் சிரிப்பானது. போகிற இடமெல்லாம் அந்தந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு உயிர் வாழ்ந்தது. கல்முனைக்கு மட்டும் அது ஏன் வரக்கூடாது?

வருவதென்றால் எப்படி வரும்? கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கதைக்குள் மூன்று சட்டங்கள் இருக்கின்றன. உப்பு ஒரு சட்டம். மந்திரச் சொல்லைப் பேராசை மறக்கடிக்கும் என்பது இன்னொரு சட்டம். வீட்டில் மிகத் தாழ்வாக நடத்தப்படுகிறவளின் கண்தான் மிகக் கூர்மையானது என்பது மூன்றாவது. இந்த மூன்றில் கை வைத்தால் கதை செத்துவிடும். மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம். மாற்றத்தான் வேண்டும். குகை பொத்துவிலுக்கு அப்பால் காட்டோரப் பாறைகளுக்குள் இருக்கட்டும். எண்ணெய் தேங்காயெண்ணெயாக இருக்கட்டும். உடை மருதமுனைத் தறியில் நெய்த சாரமும் சேலையுமாக இருக்கட்டும். வாள் சண்டை எதற்கு? சீனடியும் சிலம்படியும் தெரிந்த அண்ணாவிமார் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். பொல்லடிக் குழுவொன்று தாளம் தப்பாமல் சுற்றிவருகிற நடுவில், மர்ஜானா தலைவனை நெருங்கிப் போகிற காட்சியை நினைத்துப் பாருங்கள்.

கதவுக் குறிக் காட்சியும் நம்மிடம் வேறு கனம் பெறும். இன்றைய காலத்தில் கதையை வைத்தால், சுனாமிக்குப் பின் கட்டிய வீட்டுத் திட்டத்தில் எடுக்கலாம்: ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரிச் சுவர். குறியிடப்பட்ட கதவு என்றால் என்ன என்பது யுத்தத்தைப் பார்த்த இந்தக் கிழக்கு மாகாணத்துக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கு வந்த ஆபத்தை அவள் எல்லாக் கதவுகளுக்கும் பகிர்ந்து போட்டதால் அந்த வீடு தப்பியது. நம் பிள்ளைகள் இதை விளையாட்டாகப் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு அதன் உட்பொருள் விளங்கும். குடும்பப் படம் என்றால் பிள்ளைக்கும் உம்மம்மாவுக்கும் ஒரே காட்சியில் வெவ்வேறு ஆழம் கிடைக்கவேண்டும்.

மர்ஜானா மூலக்கதையில் அடிமை. இதை மறைத்துவிட்டு அவளை அழகியாக, நாட்டியக்காரியாக மட்டும் காட்டுவது அவளுக்குச் செய்கிற அநியாயம். அவள் பிறர் வீட்டில் வேலை செய்கிறவள். கிழக்கிலிருந்து எத்தனையோ உம்மாமார் கடல் கடந்து போய் அரபு நாட்டு வீடுகளில் சமைக்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். அவர்கள் அனுப்புகிற காசில் இங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு திரையில், வேலைக்கு நின்ற வீட்டைத் தன் புத்தியால் காப்பாற்றுகிற பெண்ணைக் காணவேண்டும். தங்கள் உம்மாவின் அறிவை, நிதானத்தை, துணிச்சலை ஒரு வீரக்கதையாகக் காணவேண்டும். நம் கரையில் வீடு பெண்ணின் பெயரில் நிற்பது. மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருகிறான். வீட்டைக் காக்கிறவள் பெண் என்பது நமக்குப் புதிய செய்தியில்லை. வீடில்லாத ஒருத்தி பிறர் வீட்டைக் காத்தாள் என்பதுதான் இந்தக் கதையின் உள்வலி. முடிவில் அவளுக்கு விடுதலை கொடுத்து, வீட்டு மகனுக்குக் கலியாணம் முடித்து வைக்கிறது பழைய கதை. நாம் எடுக்கிற படத்தில், உனக்கு என்ன வேண்டும் மகள் என்று யாராவது அவளைக் கேட்கட்டும். அவள் பதில் சொல்லட்டும்.

அடுத்தது கொதிக்கிற எண்ணெய். மூலக்கதையில் மர்ஜானா, சாடிக்குள் ஒளிந்திருக்கிற 37 பேரையும் எண்ணெய் ஊற்றிக் கொல்வதை ஆறு வயதுப் பிள்ளைக்குக் காட்ட முடியாது. அதற்காகப் பயத்தையே எடுத்துவிட்டால் சாகசமும் போய்விடும். பிள்ளைகளுக்குப் பயம் வேண்டும். தாங்கக்கூடிய பயம், முடிவில் நீதி கிடைக்கிற பயம். சாடிக்குள்ளிருந்து நேரம் வந்துவிட்டதா என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்கிற அந்தக் கணத்தை விட்டுவிடாதீர்கள். கதையின் உச்சம் அதுதான். அதற்குப் பிறகு நான் எடுத்தால் எண்ணெயை ஊற்றமாட்டேன். இன்னும் இல்லை, பொறுங்கள் என்று தலைவனின் குரலில் அவளைப் பதில் சொல்லவைப்பேன். விடியுமுன் சாடிகளை வண்டியிலேற்றிக் கடற்கரை வாடிக்குக் கொண்டுபோய், கரைவலைக்கு நடுவில் அடுக்கச் செய்வேன். சாடி திறந்து திருடர்கள் எழும்புகிறபோது ஊரே வலையின் கம்பாக் கயிற்றைப் பிடித்திருக்கிறது. அம்பாப் பாட்டு எழுகிறது. வலை இறுகுகிறது. தனி நாயகனின் வாளுக்குப் பதிலாக ஓர் ஊரின் கைகள். இந்த முடிவு எல்லாருக்கும் பிடிக்கவேண்டுமென்பதில்லை. உங்கள் ஊருக்கு ஏற்ற முடிவை நீங்கள் கண்டுபிடிக்கலாம். மர்ஜானாவின் யோசனையிலிருந்து அது பிறக்கவேண்டும், அவ்வளவுதான்.

இப்படிப் பிறர் கதையை நம்முடையதாக்குவதற்கு இந்த மண்ணில் முன்னோடிகள் இருக்கிறார்கள். பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் மதங்க சூளாமணி எழுதினார். அதில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தின் கண்ணால் பார்த்தார். கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட அசன்பேயுடைய கதை இலங்கையின் முதல் தமிழ் நாவல். அது எதைப் பற்றியது? குழந்தையிலேயே கடத்தப்பட்ட எகிப்தியப் பிள்ளை ஒருவன் ஊர் ஊராக அலைந்து தன் குலத்தைக் கண்டடைகிற சாகசம். இந்த நாட்டில் தமிழ் நாவல் சாகசக் கதையாகத்தான் கண் விழித்தது. அதை எழுதியவர் ஒரு முஸ்லிம். அதற்கு முன்பே கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் என்று அரபும் பாரசீகமும் தமிழில் கலந்த ஓர் இலக்கியம் நம் வீடுகளில் இருந்தது. நூறு மசலா என்ற நூலில் இளவரசி மெஹர்பானு புதிர்மேல் புதிராகப் போடுகிறாள். அப்பாஸ் விடை சொல்கிறான். அறிவால் ஆளைச் சோதிக்கிற பெண் அங்கேயும் இருக்கிறாள். மர்ஜானாவுக்கு நம் இலக்கியத்தில் ஏற்கெனவே ஓர் அக்கா இருக்கிறாள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், வரவேண்டும். நமக்குப் படம் எதற்கு, மார்க்கத்துக்கு ஒவ்வாதது நடந்துவிடாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்ற கட்டுப்பாட்டுக்குள் நின்று நல்ல படம் எடுக்க முடியும் என்பதற்கு ஈரான் சாட்சி. அங்கே பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்கென்று 1965இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். இயக்குநர் கியரொஸ்தாமி அங்கேதான் படமெடுக்கப் பழகினார். 1987இல் அவர் எடுத்த படம், மாறி வந்துவிட்ட நண்பனின் கொப்பியைத் திருப்பிக் கொடுக்க ஒரு சிறுவன் அடுத்த ஊருக்கு ஓடுவது, அவ்வளவுதான். 1997இல் மஜீத் மஜீதியின் படத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே சோடிச் சப்பாத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். உலகமே அழுது பார்த்தது. அந்தப் படங்களில் ஆபாசம் இல்லை, வெறுப்பு இல்லை, வெற்று ஆரவாரம் இல்லை.

நாம் எடுக்காவிட்டால் பிள்ளைகள் படம் பார்க்காமல் இருந்துவிடமாட்டார்கள். பிறர் எடுத்ததைப் பார்ப்பார்கள். 1992இல் டிஸ்னியின் அலாவுதீன் வந்தபோது அதன் முதற் பாட்டிலேயே அரபு மக்களைக் கொடியவர்களாகக் காட்டுகிற அடிகள் இருந்தன. அமெரிக்க அரபியர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகுதான், 1993இல் வீடியோவாக வெளிவந்தபோது ஓர் அடியை மாற்றினார்கள். அரபு மண்ணிலிருந்து வந்த ஒரு வாய் சொன்ன கதை, அந்த மக்களையே இழிவுபடுத்தித் திரும்பிவந்தது. நம் கதையை நாம் சொல்லாவிட்டால் நடப்பது இதுதான்.

இரண்டாவது கேள்வி காசு. குகையும் கூட்டமும் பெரிய செட்டும் நம்மால் முடியுமா? 1956ஐ மறுபடி நினைவுகூருங்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் வண்ணத்தில் குகை கட்டிய அதே ஆண்டில், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து, உண்மையான கிராமத்தில், உண்மையான வெயிலில் ரேகாவ என்ற படத்தை எடுத்தார். நோய் தீர்க்கிற கை தனக்கு உண்டு என்று ஊரார் நம்பிவிட்ட ஒரு சிறுவனின் கதை. சிங்கள சினிமாவின் திசையே மாறியது. இன்னொன்றும் சொல்கிறேன். ஜெர்மனியில் லொட்டே ரைனிகர் என்ற பெண் கறுப்புக் காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, கீழிருந்து வெளிச்சம் போட்டு, ஒவ்வொரு அசைவாகப் படம் பிடித்து, மூன்று ஆண்டுகள் உழைத்து 1926இல் இளவரசர் அஹ்மதின் சாகசங்களை வெளியிட்டார். இன்று நமக்குக் கிடைக்கிற முழுநீள அசைவூட்டப் படங்களில் மிகப் பழையது அதுதான். அதன் கதை? ஹன்னா தியாப் சொன்ன அதே அஹ்மதும் பரீபானுவும், கூடவே அலாவுதீனும். காகிதம், கத்தரி, விளக்கு, பொறுமை: இவற்றில் எது நம் பாடசாலைகளில் இல்லை?

ஆகவே பெரிய படத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஒரு பாடசாலை மர்ஜானாவை இருபது நிமிட நிழலுருப் படமாகச் செய்து பார்க்கட்டும். சித்திர ஆசிரியர் உருவங்களை வெட்டட்டும். தமிழ் ஆசிரியர் வசனத்தை நம் ஊர்ப் பேச்சில் எழுதட்டும். மர்ஜானா சென்னைத் தமிழ் பேசவேண்டாம், அவள் வாப்பா என்றும் ராத்தா என்றும் கூப்பிடட்டும். ஓட்டமாவடி முதல் பொத்துவில் வரை இதுபோல் பத்துச் சிறு படங்கள் வந்தால், பெரிய படம் எடுக்கிற கைகள் அவற்றிலிருந்தே வளரும். கதைக்கு உரிமைப் பணம் யாருக்கும் கட்டத் தேவையில்லை. அது உலகத்தின் பொதுச் சொத்து. அலாவுதீனை எடுக்கிறவர்கள் பிறர் வரைந்த நீலப் பூதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பூதத்தை நாம்தான் கற்பனை செய்யவேண்டும்.

மர்ஜானாவுக்குப் பிறகு சிந்துபாத் காத்திருக்கிறான். ஆறாவது பயணத்தில் கப்பல் உடைந்து, மிதவையொன்றில் இருண்ட குகை ஆற்றினூடாகப் போய், கண் விழிக்கிறபோது அவன் நிற்பது செரெந்தீபில், நம் இலங்கையில். எந்தக் கரை என்று கதை சொல்லவில்லை. அதை முடிவு செய்கிற உரிமை படம் எடுக்கிறவருடையது. இந்தக் கரையைச் சொந்தம் கொண்டாட நமக்குக் கூச்சம் வேண்டாம்.

உம்மம்மாமார் சொன்ன கதைகளைப் பதிவு செய்யுங்கள். சொன்னவரின் பெயரையும் மறக்காமல் எழுதிவையுங்கள். ஹன்னா தியாபுக்கு நடந்தது நம் உம்மம்மாமாருக்கு நடக்கக்கூடாது. எழுதத் தெரிந்தவர் எழுதுங்கள், வரையத் தெரிந்தவர் வரையுங்கள், கமரா தெரிந்த தம்பிமார் கலியாண வீட்டுப் படப்பிடிப்புக்கு நடுவில் இதற்கும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். இந்த வேலையில் முஸ்லிம் கிராமமும் தமிழ்க் கிராமமும் ஒரே சஹனில் கை வைக்கட்டும். மர்ஜானாவின் பெயரைத் தலைப்பில் போடுகிற முதல் தமிழ்ப் படம் கல்முனைக் கரையிலிருந்து வரட்டும். அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக.